கோழிக்கூட்டைக் காக்கக் கூட்டத்துக்கு வாருங்கள்

நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. வரப்போகும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழு ஒரு கூடுதல் துணைவிதியைக் கொண்டுவருகிறது. வளாகத்துக்குள் எந்த வீட்டிலும் கோழி வளர்க்கக் கூடாது, மீறினால் 200 ரிங்கிட் அபராதம். கிள்ளானில் ஏதோ ஒரு தாமானின் தகராறு என்று எண்ணி யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். இங்கே இது நிறைவேறினால், அடுத்த ஆண்டு இதே தாள் தாமான் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு பூச்சோங்கிலும் ஷா ஆலமிலும் சுங்கை பூலோவிலும் ஒட்டப்படும். நம் கையில் இருப்பது 21 நாள். கோழி அடையில் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கிற அதே 21 நாள்.

முதலில் சட்டத்தைக் கையில் எடுப்போம். கேட்டில் நிற்கும் காவலாளி சொல்வது சட்டமாகாது; வாட்ஸ்அப் குழுவில் நடுராத்திரி வருகிற மிரட்டலும் ஆகாது. அடுக்குமாடியானாலும் வேலிக்குள் அடங்கிய ஸ்ட்ராத்தா தரைவீடானாலும் நம்மைக் கட்டுவது 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757. அதன் கீழ் 2015-இல் வந்த ஒழுங்குவிதிகளின் மூன்றாம் அட்டவணையில் எல்லாருக்கும் பொதுவான துணைவிதிகள் இருக்கின்றன. வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிப் பேசுவது 14-ஆவது துணைவிதி. மற்ற உரிமையாளர்களுக்குத் தொல்லையாகவோ, அவர்கள் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்தாகவோ, ஊராட்சி மன்ற விதிக்கு முரணாகவோ இருக்கும் பிராணியை வளர்க்கக் கூடாது என்கிறது அது. கோழி என்ற பெயரே அதில் இல்லை. தொல்லையோ ஆபத்தோ மன்ற விதிக்கு முரணோ இருந்தால்தான் மீறல். எழுத்தில் நோட்டீஸ் வந்தால் மூன்று நாளுக்குள் அகற்ற வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆகவே தொல்லை என்று எவரும் நிரூபிக்க முடியாதபடி வளர்ப்பது நம் பொறுப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த விதி போதவில்லை என்றுதான் அடியோடு தடை செய்யும் கூடுதல் துணைவிதியைக் கொண்டுவருகிறார்கள். அப்படிக் கொண்டுவர அவர்களுக்கு உரிமை உண்டு. சட்டத்தின் 70-ஆவது பிரிவு, வளர்ப்புப் பிராணிகள் குறித்துக் கூடுதல் துணைவிதி இயற்றவும் 200 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதம் விதிக்கவும் அனுமதிக்கிறது. ஆனால் குழு உறுப்பினர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே அதை முடித்துவிட முடியாது. பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற வேண்டும். 21 நாளுக்குக் குறையாத முன்னறிவிப்பு வேண்டும், செல்லுபடியாகும் ஓட்டுகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஓட்டு விழுந்தால் அவர்களுக்கு 75 தேவை. நம் பக்கம் 26 இருந்தால் தீர்மானம் விழுந்துவிடும். பெரும்பான்மையைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை, 26 பேரைக் கூட்டிவந்தால் போதும்!

அந்த 26 பேரும் கூட்டத்துக்கு வருவதில்லை என்பதுதான் நம் நோய். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வைப்பார்கள். நம்மில் பாதிப் பேர் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்போம், மீதிப் பேர் கல்யாண வீட்டில் இருப்போம். ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வந்தால்தான் கூட்டம் நடக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்திருப்பவர்களை வைத்தே நடத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. முப்பது பேர் உட்கார்ந்து முந்நூறு வீட்டுக்கு விதி எழுதுவது இப்படித்தான்.

இன்னொரு பொறி இருக்கிறது, இதைக் கவனமாகக் கேளுங்கள். கூட்டத்துக்கு முந்தைய ஏழாவது நாளில் பராமரிப்புக் கட்டணத்திலோ சிங்கிங் ஃபண்டிலோ பாக்கி இருந்தால் அந்த உரிமையாளருக்கு ஓட்டு இல்லை. கதவருகே மேசை போட்டுப் பெயர்ப்பட்டியலை வைத்திருப்பார்கள். பாக்கிக்காரர் உள்ளே போய் உட்காரலாம், கை தூக்க முடியாது. கோழி வளர்க்கிற வீடுகளில் எத்தனை வீட்டில் இரண்டு மூன்று மாதப் பாக்கி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். முட்டை விற்று நோட்டுப் புத்தகம் வாங்கும் வீட்டில் முதலில் தள்ளிப்போவது பராமரிப்புக் கட்டணம்தான். அந்த வீடுகளுக்கு இந்த வாரமே போக வேண்டும். முடிந்தவர் முடியாதவருக்குக் கைமாற்றுக் கொடுங்கள். கட்டிய ரசீதைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, நாலு கோழிதானே என்று நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். பதில் சொல்லியாக வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று தாமான்களாகவும் அடுக்குமாடிகளாகவும் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரப்பர் காடு, பிறகு செம்பனைக் காடு. அங்கே லயத்து வீட்டின் பின்னால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு கோழிக்கூடு இருந்தது. தோட்டக் கூலி மாதக் கடைசிக்கு வந்து சேராது. மாதக் கடைசியை ஓட்டியது கோழியும் கொல்லையும்தான். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாகக் கோழி ரசம் வைத்தது அந்தக் கூட்டிலிருந்து. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவலும் அங்கேதான் வளர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்கட்டுகளிலும் இதே காட்சிதான். தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டபோது, நஷ்டஈட்டுக் கணக்கில் வீடு வந்தது, வேலை வந்தது. கொல்லைக்கு யாரும் விலை போடவில்லை. இருபதடி அகல தரைவீட்டின் பின்புறத்தில் கம்பிவலை அடித்து நாலு கோழியை விட்டிருக்கும் அம்மா, அந்தக் கணக்கில் விடுபட்டதில் ஒரு பிடியை மீட்டுக்கொண்டிருக்கிறார். அதையும் பறிக்க 200 ரிங்கிட் சமான் என்றால் நாம் வாய்மூடி இருப்பதா?

வாழ்க்கையின் சின்ன விஷயங்களில் போடும் விதிகளை எதிர்த்துப் பேசுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1941-இல் இதே கிள்ளானில் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார், அவரைக் கைது செய்து நாடுகடத்தினார்கள், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழிக்கச் சொன்னதும் இருந்தது. அவர்கள் உயிரைக் கொடுத்ததோடு நம் வேலையை ஒப்பிட எனக்கு வாய் வராது. ஆனால் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையைச் சின்ன விஷயம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

பணக்கணக்கும் பார்ப்போம். 2022 ஜூன் முதல் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. உள்நாட்டிலேயே தட்டுப்பாடு, விலை ஏற்றம். அந்த ஆண்டுக் கடைசியில் பேரங்காடிகளில் முட்டை அடுக்கு காலியாகக் கிடந்தது. கடைசியில் தமிழ்நாட்டு நாமக்கல்லிலிருந்து கப்பலில் முட்டை வந்திறங்கியது. கோழிக்கான உதவித்தொகை 2023 நவம்பரில் நின்றது. முட்டைக்கான உதவித்தொகையை 2025 மே மாதம் பத்து சென்னிலிருந்து ஐந்து சென்னாக்கினார்கள், ஆகஸ்டில் முழுதாக நிறுத்தினார்கள். இனி விலை சந்தை சொல்வதுதான். நாலு பெட்டைக்கோழி ஒரு குடும்பத்தின் முட்டைத் தேவையில் கணிசமான பங்கைத் தாங்கும். கோழி ஒன்றுக்கு நாளைக்கு நூற்றுச் சொச்சம் கிராம் தீவனம், அதில் ஒரு பகுதி நம் வீட்டுச் சோறும் காய்கறிக் கழிவும். எச்சம் முருங்கைக்கு உரம்.

இனி நம் பக்கத்துக் குறைகளுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் கூட்டத்துக்குப் போனால் தோற்றுத்தான் வருவோம். பக்கத்து வீட்டுக்காரரின் புகார் எல்லாமே வெறுப்பால் வந்ததில்லை. விடியற்காலை நாலரை மணிக்குச் சேவல் கூவினால், இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்த நர்ஸுக்கு அது தொல்லைதான். திறந்துவிட்ட கோழி அடுத்தவர் பூந்தொட்டியைக் கிளறினால் அது மீறல்தான். சிந்திய தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் மலைப்பாம்பு வரும். பறவைக் காய்ச்சல் பயமும் கற்பனையில்லை. 2007 ஜூனில் சுங்கை பூலோவுக்குப் பக்கத்துக் கம்போங் பாயா ஜாராஸ் ஹிலிரில் அது வந்தது, வீட்டுக் கோழிகளையும் அள்ளிக்கொண்டுபோய் அழித்தார்கள். காரணம் தெரியாமல் இரண்டு மூன்று கோழி அடுத்தடுத்துச் செத்தால், மறைத்துப் புதைக்காமல் கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்குச் சொல்வது கோழி வளர்ப்பவரின் கடமை.

ஆகவே அவர்கள் தடைக்கு எதிராக வெறும் கூச்சலோடு போகாமல், நம் கையில் ஒரு மாற்று வரைவோடு போவோம். வீட்டுக்கு ஆறு பெட்டைக்கோழிக்கு மேல் இல்லை. சேவல் இல்லை, கோவிலுக்கு நேர்ந்த சேவலைக் கம்பத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வளர்த்துக்கொள்வோம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது. கூட்டுக்கு நாற்புறமும் மேலும் கீழும் வலை, தரையில் ஒரு சாண் மரத்தூளோ உமியோ, வாரம் ஒருமுறை கிளறிப் போடுவது, ஈரமான இடத்தை அன்றைக்கே அள்ளுவது. தீவனம் மூடியுள்ள தகரத்தில். இரவில் தீனித்தட்டை உள்ளே எடுத்துவிடுவது. சுத்தமான கூட்டில் மூக்கை வைத்தால் மரத்தூள் வாசனைதான் வர வேண்டும். அமோனியா நெடி அடித்தால் அந்தக் கூடு தோற்ற கூடு, தடை கேட்பவருக்கு நாமே எடுத்துக்கொடுக்கும் சாட்சி. இந்த வாரம் ஒவ்வொரு கூட்டையும் நாமே போய்ப் பார்ப்போம். சரியில்லாததை நாமே சேர்ந்து சரிசெய்வோம்.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு சிங்கப்பூரைக் காட்டுங்கள். 2017-இல் சின் மிங் பகுதியில் சத்தம் என்று புகார் வந்து 24 கோழிகளைக் கொன்ற ஊர் அது. பெரிய கண்டனமும் எழுந்தது. அங்கேயே தரைவீட்டில் விற்பனைக்கில்லாமல் பத்துப் பறவை வரை வலையடித்த கூட்டில் வளர்க்கலாம் என்று விதி இருக்கிறது. அவ்வளவு கறாரான ஊரே எண்ணிக்கையும் வலையும் வைத்து ஒழுங்குபடுத்த முடிகிறதென்றால், நமக்கு மட்டும் அடியோடு தடை எதற்கு? பிரிக்பீல்ட்ஸிலிருந்து எட்டிப்போகிற தூரத்தில் கெபுன்-கெபுன் பங்சார் இருக்கிறது. நிலத்தோற்றக் கலைஞர் இங் செக் சான் முன்னின்று, மின்கம்பிப் பாதையின் கீழ்க் கிடந்த நிலத்தில் உருவாக்கிய சமூகத் தோட்டம். கோழியும் வாத்தும் ஆடும் அங்கே வளர்ந்தன. சுற்றுவட்டாரப் புகார்களுக்குப் பின் 2021-இல் அதற்கும் நோட்டீஸ் வந்தது. ஆதரித்தவர்கள் வெளியே வந்து பேசினார்கள், தோட்டம் பிழைத்தது.

அங்கே பேசியவர்கள் ஓர் இனத்தவர் மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் 26 ஓட்டும் தமிழ் வீடுகளிலிருந்தே வர வேண்டும் என்று யார் சொன்னது? மூன்றாவது லோரோங்கில் மலாய்க்காரப் பாக்சிக் ஒருவர் கிளந்தான் செராமா வளர்க்கிறார், கைக்குள் அடங்குகிற குட்டிக்கோழி. இந்தத் தடை வந்தால் அவர் கூண்டும் காலி. கோடி வீட்டுச் சீனப் பாட்டி பேரனுக்கு இஞ்சிக் கோழிச் சாறு வைக்க ஆயாம் கம்போங் தேடி பாசாருக்குப் போகிறவர். அவர்கள் கதவைத் தட்டுங்கள். வரைவை மலாயிலும் சீனத்திலும் எழுதி எடுத்துப் போங்கள். புகார் கொடுத்த வீட்டுக்கும் போங்கள், முதலில் அங்கேயே போங்கள். கூட்டைக் காட்டி, எது தொல்லை என்று கேட்டு, அதைத் திருத்திவிட்டு வந்தால் அந்த ஓட்டும் எதிராக விழாது.

ஸ்ட்ராத்தா இல்லாத, சாலையை மறித்துக் காவல் போட்டிருக்கும் தாமான்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது சங்கப் பதிவிலாகாவில் பதிந்த குடியிருப்பாளர் சங்கம். சட்டம் 757 கொடுக்கும் அபராத அதிகாரம் அதற்கு இல்லை. வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் என்ன இருக்கிறது என்று எடுத்துப் படியுங்கள். பிறகு உங்கள் ஊராட்சி மன்றத்தின் கவுண்டருக்குப் போய், கிள்ளானானால் கிள்ளான் அரச மாநகர் மன்றம், கோலாலம்பூரானால் டிபிகேஎல், வீட்டில் கோழி வளர்ப்பது பற்றிய துணைவிதியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மன்றத்துக்கு மன்றம் விதி மாறும், ஆகவே வாய்வழிப் பதிலை ஏற்காதீர்கள். மன்ற விதி அனுமதிக்காத இடத்தில், அதை மாற்றச் சொல்லி மன்றத்திடம் மனுக் கொடுப்பதுதான் அடுத்த படி.

கூட்டம் முறையாக நடக்காவிட்டால், அறிவிப்பு நாள் குறைந்தால், ஓட்டு எண்ணிக்கையில் குளறுபடி இருந்தால் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே நாமே நேரில் வாதாடலாம். அதற்கு ஆதாரம் வேண்டும்: நோட்டீஸைத் தேதி தெரியும்படி இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

தோழர்களே, வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். ஒருவர் பாக்கிப் பட்டியலை எடுக்கட்டும். இருவர் கூடுகளைப் பார்வையிடட்டும். மலாய், சீனம் தெரிந்த பிள்ளைகள் வரைவை எழுதட்டும். ஷிப்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் பிரதிநிதிப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பிரதிநிதியாக இருக்க முடியும் என்பதால், வர முடியாத ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆள் தேடியாக வேண்டும். மனைவியோ மகனோ அண்டை வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. படிவம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே அலுவலகத்தில் சேர வேண்டும், ஒரு மணி நேரம் பிந்தினாலும் ஒதுக்கிவிடுவார்கள். ஞாயிறு காலை கூட்டம் என்றால் வெள்ளி காலைக்குள். கடைசி நேரம் வரை காத்திராமல் வியாழன் மாலைக்குள் கொடுத்து முத்திரை குத்திய நகலை வாங்கி வையுங்கள்.