நிலம் இல்லாத குடி

திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே தள்ளுவண்டியில் கருந்திராட்சை விற்றவரிடம், "எந்த ஊர்ப் பழம்?" என்று கேட்டேன். "கம்பம் சார், பன்னீர்" என்றார். ஊரும் இனமும் இரண்டே சொல்லில் வந்துவிட்டன. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கென ஒரு சட்டமே வைத்திருக்கிறார்கள்.

பிரான்சின் கிழக்கெல்லையில், ஆல்ப்ஸ் மலையை ஒட்டியது சவோய்ப் பகுதி. அங்கே ஆர்பன் என்னும் சிற்றூரின் தெற்கு நோக்கிய சரிவுகளில் மோந்தூஸ் என்ற கருந்திராட்சை விளைகிறது. சுண்ணாம்புக்கல் சிதறிய மண்ணில் நீர் தேங்குவதில்லை. பகல் வெயிலில் பழத்தில் இனிப்பு ஏறுகிறது. மலையின் இரவுக் குளிர் புளிப்பைக் குறையவிடாமல் காக்கிறது. அதன் செந்நிற ஒயினில் மிளகு மணக்கும் என்பார்கள். இது சுவைஞர்களின் கற்பனையன்று. நம் மிளகில் உள்ள ரொட்டண்டோன் என்னும் பொருளே அப்பழத்தின் தோலிலும் இருக்கிறது. குளிர்ந்த இடங்களில் அது கூடுதலாகச் சேர்கிறது. மண், வெயில், காற்று, உழவனின் கை அனைத்தையும் சேர்த்து அவர்கள் 'தெர்வா' என்கிறார்கள். எல்லைக்கு வெளியே விளைந்த பழத்தின் ஒயினுக்கு அந்த ஊர்ப்பெயரைச் சூட்டக்கூடாது என்ற ஏற்பாடு 1935 முதல் நாடு தழுவி இருந்துவருகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு உடனே திணை நினைவுக்கு வரும். நிலமும் பொழுதும் முதற்பொருள், உணவு கருப்பொருள். 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று மார்தட்ட நான் வரவில்லை. இருந்தது எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு எங்கள் பகுதிதான். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. பாணன் கடற்கரை எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட உலர்மீனும் பெறுவான். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு. ஆமூரில் வெண்சோறும் நண்டும். வழிநடையில் நிலம் மாற மாற இலையும் மாறுகிறது.

கம்பத்தில் இந்த உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய இனம். தன் ஊரில் பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி ஆண்டுக்கொரு முறை காய்க்கும் கொடி, இங்கே மலைகளுக்கிடையே முல்லைப் பெரியாற்று நீர் பாயும் பள்ளத்தாக்கில் உறங்குவதே இல்லை. உழவன் கவாத்துக் கத்தியால்தான் அதற்குப் பருவம் வகுக்கிறான். அதனால் ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழத்துக்கு ஊர்ப்பெயர் வாய்த்துவிட்டது.

ஓய்மாநாட்டுத் தேறலுக்கு வாய்க்கவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசுக் கடைகளில் விற்பது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த சாராயம். அதற்கு நிலமும் இல்லை, பொழுதும் இல்லை. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர். அதே கரையில், எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆலைக்குரிய ரசாயனம் நெய்தல் நிலத்து மனிதர்களின் குவளைக்கு வந்து சேர்ந்தது. கடற்கரைச் சாலையில் சற்றுத் தெற்கே போனால் புதுச்சேரி. அதே மணல், அதே பனை. அங்கே கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு.

நான் குடிப்பவனல்லன். குடி சிதைத்த மாணவர் வீடுகளைப் பார்த்தவன். ஆயினும், பனையில் இறங்கி அன்றே புளிக்கும் கள்ளையும் ஆலைச் சாராயத்தையும் எடைபோட்டு, கள்ளை மட்டும் விலக்கிய சட்டம் எனக்கு விளங்கவில்லை. ஊர் எல்லை வகுத்து, பனையேறிகளின் கூட்டுறவில், இறக்கிய நாளிலேயே விற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு கள்ளை அனுமதிக்கலாம் என்பது என் கருத்து.

சென்ற பருவத்தில் அந்தப் பாட்டை நடத்தும்போது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தேறல் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். பாண்டிச்சேரி பஸ் ஏறிப் பார் என்று சொல்ல ஓர் ஆசிரியனுக்கு வாய் வருமா? அடுத்த அடிக்குப் போய்விட்டேன்.