தொட்டிக்குள் யாருக்கு யார் பொருத்தம்?

"கல்யாணத்துக்குத்தான் பொருத்தம் பார்ப்பாக. மீனுக்குமா மதினி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி. மகன் ஆசைப்பட்டான் என்று இரண்டடித் தொட்டி வாங்கி, கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் விட்டிருந்தாள். ஒரு வாரத்தில் நியான் மீன் ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் ஆஸ்கர் வயிற்றில்! பையன் அழுது தீர்த்துவிட்டான்.

ஏஞ்சல், ஆஸ்கர், நாம் குழம்பு வைக்கிற ஜிலேபிக் கெண்டை எல்லாமே சிக்லிட் என்ற ஒரே குடும்பம். 'இது என் இடம்' என்று எல்லை போட்டுச் சண்டைக்கு நிற்பது இந்த வம்சத்துக் குணம். முட்டை போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 55 லிட்டர்தான் தண்ணீர் நிற்கும். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் ஆஸ்கர் ஓரடி வளரும். வேண்டவே வேண்டாம். ஃப்ளவர்ஹார்ன் தனிக்குடித்தனக்காரர், பெரிய தொட்டியும் வேண்டும். ஏஞ்சலுக்கு உயரமான தொட்டி தேவை.

அடுத்தது தண்ணீர். திருச்செந்தூரில் நாழிக்கிணறு கடலோரத்திலேயே நல்ல தண்ணீர் தருகிறது. எங்கள் தெருக் கிணற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பருப்பு வேகாது. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், அழகாக இருக்கிறதே என்று ராம் சிக்லிட் வாங்காதீர்கள். அது மென்னீர் மீன். ஆப்பிரிக்க மலாவி ஏரி மீன்களுக்குக் கடினநீர் ஒத்துக்கொள்ளும்; ஆனால் சின்னத் தொட்டியில் அடித்துக்கொண்டு சாகும்.

என் ஓட்டு ஆரஞ்சு குரோமைடுக்குத்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கடலோரக் கழிமுகங்களில் வாழும் நம்மூர் சிக்லிட். மூன்று அங்குலம்தான் வளரும். மஞ்சளும் ஆரஞ்சுமாக, நடுவே கறுப்புப் பொட்டு. கொஞ்சம் உப்பு கலந்த தண்ணீர் என்றால் இதற்குக் கொண்டாட்டம். ஐந்தாறு குஞ்சுகளாக வாங்கி வளருங்கள். ஜோடி சேர்ந்ததும் அதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். துணைக்கு மாலி மீன் நான்கு போதும். அதற்கும் இதே தண்ணீர்தான் பிடிக்கும். (மாலி போடும் குஞ்சுகள் மட்டும் தப்பாது!) வால் நீண்ட கப்பி வேண்டாம், கடித்துவிடும். மலையாளத்தார் பொரிக்கிற கரிமீன் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்; அது பெரிதாக வளர்வதால் இந்தத் தொட்டிக்கு ஆகாது.

கவிழ்த்து வைத்த சின்ன மண்சட்டி ஒன்றை உள்ளே போடுங்கள். அதில்தான் முட்டை ஒட்டும். தாயும் தகப்பனும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக் காவல் காக்கும். குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும், பால் குடிக்கிற மாதிரி! அப்பா மேலும்தான். வீட்டு ஆண்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குழாய்த் தண்ணீர் என்றால் ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போனபின் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். மொத்தமாகக் கொட்டிக் கழுவுவதால்தான் பல வீடுகளில் மீன் சாகிறது.

மீன் பெருத்துவிட்டது என்று தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ கொண்டு விடாதீர்கள். 1952ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை குளம், ஆறு எல்லாம் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வளர்ந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று, வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.