காலெரிச்சலுக்குக் கம்பங்கூழ் மருந்தல்ல

சர்க்கரை நோயாளி ஒருவர் "பாதம் எரியுது, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்றால், நம்மூரில் உடனே கிடைப்பது கம்பங்கூழ் சிபாரிசு. சிறுதானியத்தின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். பட்டை தீட்டி, மாவாக்கிக் காய்ச்சினால் முழுத் தானியத்தைவிட வேகமாகவே சர்க்கரையை ஏற்றும். பாரம்பரியம் என்ற சொல் குளுக்கோமீட்டருக்குப் புரியாது.

நரம்புக்கு உணவு முக்கியம், சந்தேகமே வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் சேதம் மட்டுப்படும். ஆனால் பேச்சிலேயே வராத இன்னொரு காரணம் பி12. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் அது இயல்பாகக் கிடைக்கும். கீரையில் இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்கு உதவாத போலி. போதாததற்கு, மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவதும் குறையும்.

என் அம்மா பத்து வருடம் மெட்ஃபார்மின் விழுங்கினார். எரிச்சலுக்கு மாத்திரை எழுதிய டாக்டர் "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: முட்டை பிள்ளைகளுக்கு, மீன் துண்டு அப்பாவுக்கு, அம்மாவுக்கு மிச்சச் சோறும் ரசமும். 'டயட்' என்பது தேர்ந்தெடுக்க முடிந்தவர்களின் சொல்.

தேவை ஒரு ரத்தப் பரிசோதனை. பி12 குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ போதும்; தள்ளிப்போட்டால் சேதம் நிரந்தரமாகலாம். அதற்காகச் சத்து மாத்திரைகளை இஷ்டத்துக்கு விழுங்கவும் கூடாது, பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கூழா சோறா என்று சண்டை போடுமுன் பாருங்கள்: உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது யார், அவர் தட்டுக்கு என்ன மிஞ்சுகிறது?