ரிங் போட்டதற்கு அளவுச் சீட்டு எங்கே?

காரியதரிசியையும் துணிக் கட்டுகளையும் ஒருங்கே சுமந்து ஊர் ஊராய்ச் சென்றுவந்த நம் சங்கத்து அம்பாஸடர் வண்டி மறுபடியும் பட்டறையில் நிற்பது ஏன் என்று அங்கத்தினர் பலர் கேட்கின்றனர். கேட்பது நியாயமே, செலவானது அவர்கள் பணம்.

எஞ்சினைப் பிரித்துப் புதிய ரிங் போட்டுப் பெருந்தொகை கொடுத்து வண்டியை மீட்டு வந்தோம். இரண்டு மாதங்களுக்குள் நீலப் புகை கக்கத் தொடங்கியது. வேறோர் இடத்தில் பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிஸ்டனில் இரண்டாவது ரிங் தலைகீழாக இருந்தது. மற்றொன்றில் மேல் ரிங் உடைந்து சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது. இன்னொன்றில் ரிங்குகளின் வெட்டுவாய்கள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ஆனால் ஓட்டத்தில் ரிங் தானாகவும் நகரும் ஆதலால், அதனைக் குற்றப்பட்டியலில் சேர்க்க நமக்கு மனமில்லை. முதற்பட்டறை கொடுத்த ரசீதில் இருந்தவை 'ரிங் மாற்றியது' என்ற இரண்டே சொற்கள்.

அந்தப் பட்டறையைத் தூற்றுவது நம் நோக்கமன்று. பிழையில் பாதி நம்முடையது. நெசவாளர் கொண்டுவரும் சேலையை நீளம், அகலம் பார்த்து, அங்குலத்துக்கு இத்தனை இழை என்று கண்ணாடி வைத்து எண்ணி வாங்குகிறோம். விளைச்சலை எடை போடாமல் கிடங்கில் இறக்குவதில்லை. எஞ்சின் வேலையை மட்டும் ஓர் அளவும் கேளாமல் ஏற்றுக்கொண்டோம். இனி ரிங் வேலைக்கு ஒவ்வொரு சிலிண்டரின் அளவும் எழுதிய சீட்டு இல்லாமல் பணம் கொடுக்கலாகாது என்பது நம் திடமான அபிப்பிராயம்.

சீட்டில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ரிங் முழு வளையமன்று. ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வளையம். வெப்பத்தில் அது நீளும். நீள்வதற்கு இடமாகவே அந்த வெட்டுவாய் விடப்பட்டிருக்கிறது. சிலிண்டரின் குறுக்களவு 100 மி.மீ. ஆனால் சுமார் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. நம் வண்டியின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் குறுக்களவு ஏறக்குறைய 73 மி.மீ.; ஆகவே கால் மி.மீ. அளவில் இடைவெளி தேவை. இடைவெளி போதாதாயின் சூட்டில் இருமுனைகளும் முட்டி ரிங் உடையும். மிகுந்தால் எரிந்த வாயு கீழே இறங்கும், எண்ணெய் மேலேறிப் புகையும். ரிங்கைச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து அதனால் கோணாமல் கீழே தள்ளி, ஃபீலர் கேஜின் மெல்லிய எஃகு இதழை வெட்டுவாயில் நுழைத்துப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். குறைவாயின் நுண்ணரத்தால் சிறிது சிறிதாக அராவலாம்.

ஓடித் தேய்ந்த சிலிண்டரில்தான் சங்கடம் இருக்கிறது. தேய்மானம் மேற்பகுதியில் அதிகம். அங்கேதான் சூடும் அழுத்தமும் மிகுதி, எண்ணெயோ குறைவு. குறுக்களவு கால் மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல், அதாவது 0.8 மி.மீ. அளவுக்கு வளரும், அவ்வளவும் ரிங்கின் வாயில்தான் திறக்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் மேலே விரிந்து கீழே சுருங்க வேண்டியிருந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? ஆதலால் தேய்ந்த சிலிண்டரில் இடைவெளியைக் கீழே, குறுகிய இடத்திலேதான் பார்க்க வேண்டும். மேலே பார்த்துச் சரியென்று விட்டால் கீழே வந்து முட்டும். தேய்மானம் மிஞ்சிவிட்டால் ரீபோர் செய்வதன்றி வழியில்லை. பெரிய அளவு ரிங்கை வாங்கி முனையை அராவித் தேய்ந்த சிலிண்டரில் திணிக்கும் வழக்கமும் உண்டு. அதைச் சிக்கனம் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. ரிங் எட்டாத மேல்விளிம்பில் தேயாமல் நிற்கும் வரம்பையும் முதலில் எடுத்தாக வேண்டும். எடுக்காவிடில் புது ரிங்கின் கூரிய ஓரம் அதில் மோதும். நம் வண்டியின் மேல் ரிங் உடைந்தது இவ்வாறே என்று பிரித்துப் பார்த்தவர் வரம்பைத் தொட்டுக் காட்டினார்.

மற்றவை கைப்பழக்கம். காடியிலுள்ள கரியைச் சுரண்ட வேண்டும். குறியிட்ட பக்கம் மேல்நோக்க வேண்டும். வெட்டுவாய்களைப் பிரித்து நிறுத்த வேண்டும். ரிங்குகளைப் பட்டையால் இறுக்கி, சுத்தியலின் மரக்காம்பால் தட்டிப் பிஸ்டனை இறக்க வேண்டும். பாதியில் நின்றால் மேலும் தட்டாமல் வெளியே எடுத்துப் பார்ப்பவரே நல்ல மெக்கானிக். சிலிண்டரைச் சாணை தீட்டியபின் மண்ணெண்ணெயோடு நின்றுவிடாமல் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுவது நன்று. சாணைத்தூள் தங்கினால் புது ரிங்கையே தின்றுவிடும்.

“என் கைக்கே அளவு தெரியும்” என்று சொல்லும் முதிய மெக்கானிக்குகள் உண்டு. அவர்கள் கைத்திறனில் நமக்கு மதிப்பு உண்டு. ஆனால் கால் மி.மீ.யைக் கையால் அறிந்தவரும் அதை இதழால் அளந்து காட்டுவதில் குறையொன்றுமில்லை. பாவு பிணைப்பதில் கைதேர்ந்தவரும் இழையை எண்ணித்தானே பிணைக்கிறார்? வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை வண்டிக்குக் கொடுக்கிறோம் என்ற ஆட்சேபத்தில் உண்மை உண்டு. நான்கு சிலிண்டரையும் அளக்க அரை நாள் ஆகலாம். இரண்டாம் முறை பிரித்ததில் நமக்குப் போனது பத்தொன்பது நாள்.

ரிங்குக்குப் பஞ்சமில்லை. சென்னை செம்பியத்தில் 1949ஆம் ஆண்டில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்ட காலம் முதலே இத்தொழில் நம் பக்கத்தில் வேரூன்றியது. அம்பாஸடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டாலும் அதன் அளவுகள் கையேட்டில் அச்சாகியே இருக்கின்றன.

அடுத்த மகாசபையில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறோம். சங்கத்துக்கென ஒரு ஃபீலர் கேஜ் வாங்குதல் ஒன்று. அளவுச் சீட்டு இன்றி எஞ்சின் வேலைக்கான ரசீதை நிர்வாக சபை ஏற்காதிருத்தல் மற்றொன்று. வண்டி இப்போது ரீபோருக்குப் போயிருக்கிறது. நான்கு சிலிண்டரின் அளவும் வந்ததும் இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.