காந்த அட்டைத் தொலைபேசி: மீதிப் பணம் யாரிடம் இருக்க வேண்டும்?

மென்பொருள் வடிவமைப்புப் பாடத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சிக் கேள்வி வந்தது. முன்பணம் கட்டி வாங்கும் காந்த அட்டையில் இயங்கும் பொதுத் தொலைபேசிக்கு ஒரு அமைப்பை வடிவமைக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அட்டையைச் செருகு, மீதியைப் படி, பேசப் பேசக் கழி, அட்டையைத் திருப்பிக் கொடு. நாலு பெட்டி, நாலு அம்புக்குறி. நானும் முதலில் அப்படித்தான் வரைந்தேன். அப்புறம் ஜப்பான் கதையைப் படித்தேன், வரைந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஜப்பானில் 1982 டிசம்பரில் அட்டைத் தொலைபேசி வந்தது. 500 யென் அட்டையில் 50 அலகுகள், 1000 யென் அட்டையில் 105. ஒரு அலகு 10 யென். மீதி எவ்வளவு என்பது அட்டையின் காந்தப் பூச்சிலேயே இருக்கும். தெருவோரத் தொலைபேசி யாரையும் கேட்காமல் தானே படித்து, தானே கழித்து, தானே திருப்பி எழுதிவிடும். கூடவே ஒரு சின்னத் துளையும் போடும். ஏறக்குறைய எவ்வளவு மிச்சம் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பார்வையற்றவர்கள் விரலால் தடவி எந்தப் பக்கத்தைச் செருகுவது என்று அறிய, அட்டை ஓரத்தில் ஒரு வெட்டு உண்டு. (எங்கள் வகுப்பில் ஒருவர் படத்திலும் அந்த வெட்டு இல்லை. என் படத்திலும்தான்!)

சிக்கல் எங்கே வந்தது? அட்டை சொல்வதைத் தொலைபேசி அப்படியே நம்பியது. 1990களின் தொடக்கத்தில் தீர்ந்துபோன அட்டைகளில் காந்தத் தகவலை மாற்றி எழுதி, துளையை அடைத்து, தெருவில் மலிவாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள். 3000, 5000 யென் அட்டைகளின் விற்பனையையே 1992இல் நிறுத்த வேண்டியதாயிற்று.

"அப்போ மீதியை மையக் கணினியில் வைத்திருக்கலாமே" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். இன்றைக்குச் சொல்வது சுலபம். 1982இல் ஒவ்வொரு அழைப்புக்கும் தெருமுனைப் பெட்டி மையத்தைக் கேட்டுப் பதில் வாங்கி அப்புறம் இணைப்புத் தருவதென்றால் என்ன செலவு, எவ்வளவு தாமதம்! அட்டையில் எழுதியது தப்பில்லை என்பேன். பெரிய தொகையை எழுதியதுதான் தப்பு. 500 யென் அட்டையைத் திருத்தி விற்பவனுக்கு எவ்வளவு லாபம் கிடைத்துவிடும்?

எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது அடுத்து நடந்ததுதான். 1999இல் சிப் அட்டைத் தொலைபேசி கொண்டுவந்தார்கள். பாதுகாப்பானது, நவீனமானது. ஆனால் அது பழைய காந்த அட்டையை ஏற்கவில்லை. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய அட்டை வீட்டு இழுப்பறையில் கிடக்கும்போது புது அட்டைக்கு எவன் காசு கொடுப்பான்? போதாக்குறைக்கு எல்லார் கையிலும் செல்பேசி வந்துவிட்டது. 2006இல் சிப் அட்டைச் சேவையை மூடிவிட்டார்கள். 1982இன் காந்த அட்டையோ, மிச்சமிருக்கும் பச்சைத் தொலைபேசிகளில் இன்றும் செல்லும். பயன்படுத்தாத அட்டையைக் கொடுத்து வீட்டுத் தொலைபேசிக் கட்டணத்தைக்கூடக் கட்டலாம். முன்பணம் வாங்கிய அமைப்புக்கு இதுதான் முதல் கடமை என்று நினைக்கிறேன். காசு வாங்கியாகிவிட்டது, சேவை இன்னும் பாக்கி.

இன்னொரு விஷயம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. மின்சாரம் போனால் அந்தப் பச்சைத் தொலைபேசியில் அட்டை வேலை செய்யாது, காசு வேலை செய்யும். அட்டையைப் படிக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். பேசுவதற்கோ தொலைபேசிக் கம்பியில் வரும் மின்சாரமே போதும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தன்று செல்பேசிகள் திணற, மக்கள் பொதுத் தொலைபேசி முன் வரிசையில் நின்றார்கள். பல இடங்களில் மின்சாரமும் இல்லை. அட்டை மட்டுமே வைத்திருந்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பகுதிகளில் இலவசமாகப் பேச விட்டார்கள் என்பது நல்ல விஷயம். ஆனால் அது பின்னால் ஒரு மனிதர் எடுத்த முடிவு, இயந்திரத்தில் இருந்த வழி இல்லை.

அதனால் என் புதுப் படத்தில் மின்சாரம் போனால் அவசர எண்களுக்கு அட்டையே கேட்காத ஒரு பாதை வைத்தேன். பேச்சுக்கு நடுவில் மின்சாரம் போய் அட்டை உள்ளே மாட்டிக்கொண்டால், கடைசி அலகின் நஷ்டம் நிறுவனத்துக்கு. பக்கத்திலேயே ஒரு காசுத் துளையும் வரைந்தேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்தத் துளையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். "கேள்வியில் காசு இல்லையே?" என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார் ஆசிரியர். நான் அதை அழிக்கவில்லை.