நகருக்குள் ஏன் கொண்டு போனார்கள்?

பேருருவ இயந்திரங்கள் இரண்டு ஒரு நகரின் நடுவே நின்று மோதும் காட்சியில் மயங்காதவர் நம் விடுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? நான் மயங்கியவன்தான். ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ என்னும் அமெரிக்கப் படம் 2007இல் வந்தது. இயக்கியவர் மைக்கேல் பே. பள்ளிப் பருவத்தில் தொலைக்காட்சியில் அது தமிழ் பேசக் கண்டு களித்தேன். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பின் பொது அறையில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். நான்காம் தடவைக்கும் தடையில்லை. ஆகவே, சினிமாவை வெறுக்கும் சந்நியாசி ஒருவன் எழுதும் கட்டுரை இது என்று யாரும் அஞ்ச வேண்டாம்.

ஆயினும் அப்படத்தின் இறுதிப் போரின் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. நம் விஞ்ஞானத் தோழர்கள் வழக்கமாகத் தொடுக்கும் வழக்கு அன்று அது. அவர்களுடைய வழக்கை முதலில் தள்ளுபடி செய்துவிடுகிறேன்.

“இத்தனை பெரிய உடல் எழுந்து நடந்தால் கால் முறியும், தரை பிளக்கும், எல்லாம் புளுகு” என்பது அவர்கள் வாதம். சாட்சிக்குக் கலிலியோவை அழைக்கிறார்கள். உருவம் பத்து மடங்கு உயர்ந்தால் எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் பெருகும், எடையோ ஆயிரம் மடங்கு பெருகும் என்ற விதியை அவர் 1638இல் நூலாக எழுதி வைத்தார். விதி மெய்யே. ஆனால் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பின்னரன்றோ சிரிக்க வேண்டும்? நல்லோர் பக்கத்துத் தலைவனாகிய ஆப்டிமஸ் பிரைமின் உயரம் 28 அடி என்பார்கள். ஏறத்தாழ எட்டரை மீட்டர். சராசரி மனிதனைப் போல் ஐந்து மடங்குக்குச் சற்றே குறைவு. 70 கிலோ மனிதனை அந்த உயரத்துக்குப் பெருக்கினால் சுமார் 8 டன் வரும். பிரைம் உருமாறிக் கொள்ளும் வண்டி எது? பீட்டர்பில்ட் 379 என்னும் மூக்கு நீண்ட லாரி. பின்னால் பூட்டும் இழுவண்டியை நீக்கிவிட்டால் அதன் எடையும் கிட்டத்தட்ட 8 டன்தான்! கணக்குப் பொருந்துகிறது. எங்கள் பௌதிக வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பின்பு அவரவர் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். மனிதன் நிற்கும்போது அவன் பாதம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவில் தரையை அழுத்துகிறது. பிரைமின் பாதம் அதே விகிதத்தில் பெருகியது என்று கொண்டால் அழுத்தம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். சரக்கு லாரியின் டயரோ 7 கிலோ அளவில் அழுத்துகிறது. லாரியாக ஓடுகையில் சாலைக்குத் தரும் தொல்லையைவிட, எழுந்து நிற்கையில் அவன் தருவது குறைவு என்று பொருள். கால் எலும்பில் தாக்கம் ஐந்து மடங்கு கூடும். எஃகுக்கு அது ஒரு பொருட்டா? (எட்டு டன் உருவத்தின் அந்த இரும்புக் கை, மாடியிலிருந்து விழும் பையனைப் பூப்போல ஏந்துவதை மட்டும் நான் காப்பாற்ற முடியாது. அதற்கு நாம் சிரித்தாயிற்று.)

இந்தக் கணக்கை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதாநாயகப் பையன் சாம் வீட்டுத் தோட்டத்தில் இவ்வியந்திரங்கள் ஒளிந்து நிற்கும் காட்சி நினைவிருக்கிறதா? பெற்றோர் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து, பதுங்கி, கூரை ஓரமாக ஒண்டிக் கொள்கின்றன. கொஞ்சம் செடியும் நடைபாதையும் கெடுகின்றன, அவ்வளவே. அப்படியானால், பேருருவம் மனிதக் குடியிருப்பில் அடக்கமாகவும் இருக்கக் கூடியதே. இறுதியில் ஒரு நகரம் பொடியானது உருவத்தின் பெருமையால் அன்று, ஒரு முடிவால். அம்முடிவை எடுத்தவர் யார் என்பதுதான் என் வழக்கு.

படம் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். வேற்றுக் கோளின் இயந்திரங்கள் இரு பிரிவாகிப் பகை கொண்டன. ஒரு பக்கம் பிரைம். மறு பக்கம் மெகட்ரான். இரு தரப்பும் தேடுவது ஒரு கனசதுரப் பெட்டகம். எந்தக் கருவிக்கும் உயிரூட்ட வல்லது அது. அதைக் கைப்பற்றினால் பூமியின் இயந்திரங்களையெல்லாம் மெகட்ரான் படையாக்கிவிடுவான். பெட்டகம் அமெரிக்காவின் ஹூவர் அணைக்குள் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மெகட்ரானும் அங்கேதான் பனியில் உறைந்து கிடக்கிறான். பனி உருகுகிறது, பகைவன் விழிக்கிறான். இப்போது என்ன செய்வது?

ஹூவர் அணை எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தில் பாருங்கள். நெவாடா, அரிசோனா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில், கொலராடோ ஆற்றின் குறுக்கே, பாலைவனத்தின் நடுவே. எத்திசையில் நடந்தாலும் மணலும் பாறையும். அத்தகைய இடத்தில் நின்றுகொண்டு லெனாக்ஸ் என்ற இராணுவ அதிகாரி சொல்லும் யோசனை இது: 22 மைல் தொலைவில் மிஷன் சிட்டி என்றொரு நகரம் இருக்கிறது, பெட்டகத்தை அங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்போம். பாதுகாப்பு மந்திரி அருகில் நிற்கிறார். விமானப் படையின் துணை வேண்டுமே என்றுதான் கவலைப்படுகிறார். “நகரத்தில் ஜனங்கள் இருப்பார்களே” என்று ஒருவர், ஒரே ஒருவர், வாய் திறக்கவில்லை. சில விநாடிகளில் காரியம் முடிந்துவிட்டது. வண்டிகள் புறப்படுகின்றன, இசை முழங்குகிறது, நாமும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம்.

மெகட்ரானா அந்நகரைத் தேர்ந்தான்? இல்லை. அவனுக்கு வேண்டியது பெட்டகம். அது போகுமிடமெல்லாம் அவன் போவான். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தும், அவன் தேடும் பொருளை ஜன நெருக்கடியின் நடுவே சுமந்து சென்றவர்கள் நம் அன்புக்குரிய நல்லவர்களே. படத்தில் நகரைக் காக்கும் போர் என்று நாம் கைதட்டுவது, நகருக்குள் கொண்டுவரப்பட்ட போர்.

என் அறை நண்பர் ஒருவர் சட்டம் பயில்பவர். அவர் எதிர் வழக்காடினார். “பாலைவனத்தில் மறைவிடம் ஏது? நகரில்தானே ஒளிக்கலாம்? பெட்டகத்தை ஹெலிகாப்டரில் ஏற்றிவிடவும் உயரமான கட்டடம் கிடைக்கிறதே” என்றார். ஒளித்தார்களா? வழியிலேயே நெடுஞ்சாலையில் பகை இயந்திரம் ஒன்று எட்டிப் பிடிக்க வருகிறது. குறுக்கே வந்த பேருந்தை இரண்டாகப் பிளந்துகொண்டு பாய்கிறது. ஹெலிகாப்டர் இறங்குவதற்கு மாடி எதற்கு? வெட்டவெளியைவிட வசதியான தளம் உண்டா? ஆகாய விமானங்கள் குண்டு போடவும், நண்பன் யார் பகைவன் யார் என்று மேலிருந்து பிரித்தறியவும் மணல்வெளியே உகந்தது. போர்த் தந்திரத்தின்படி பார்த்தாலும் அது மோசமான முடிவு. நண்பர் மேல் முறையீடு செய்யப் போவதாகச் சொல்லியிருக்கிறார், செய்யட்டும்.

பின் ஏன் நகரம்? விடை கதைக்குள் இல்லை, காமிராவுக்குள் இருக்கிறது. பாலைவனத்தில் 28 அடி உருவத்தை நிறுத்திப் பாருங்கள். அருகில் ஒப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் அது ஆறடி ஆளைப் போலவே தோன்றும். ஆய்வுக் கூடத்தில் நாம் எதைப் படமெடுத்தாலும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்கிறோமே, அதே காரணம். விளக்குக் கம்பம், ஜன்னல் வரிசை, கார், இவை அருகில் இருந்தால்தான் பெரியது பெரியதாகத் தெரியும். எல்லாவற்றினும் சிறந்த அளவுகோல் ஓடும் மனிதன். அவன் உயரத்தை நாம் உடம்பாலேயே அறிவோம். ஆக, மிஷன் சிட்டி என்ற கற்பனை நகரம் கதையில் அடைக்கலமாக வந்து, படத்தில் அளவுகோலாக நிற்கிறது. அதன் ஜனங்கள் அளவுகோலில் இட்ட கோடுகள்.

அந்தக் கோடுகளில் ஒன்றை ஓரிடத்தில் நெருங்கிப் பார்க்கிறோம். பிரைமும் மெகட்ரானும் கட்டிப் புரண்டு தெருவில் விழுகிறார்கள். பக்கத்தில் கிடக்கும் மனிதன் ஒருவனை மெகட்ரான் விரலால் சுண்டி எறிகிறான், நாம் சட்டையில் ஊரும் எறும்பைச் சுண்டுவது போல. அரங்கில் சிரிப்பு எழுகிறது; எங்கள் பொது அறையிலும் எழுந்தது. அவன் யார்? எங்கே வேலை பார்த்தான்? ஊரைவிட்டுப் பெட்டியும் படுக்கையுமாக வேற்று மொழி நகரில் வந்து இறங்கியவர்கள் நாம். எந்த நகரத்துக் கூட்டத்திலும் போன வாரம் வந்து இறங்கியவன் ஒருவன் இருப்பான். எந்தச் சந்து எங்கே முடியும் என்றுகூட அறியாமல் ஓடுவான். அன்று முதல் அக்காட்சியில் என் கண் இயந்திரங்களை விட்டுவிட்டு நடைபாதைக்குப் போய்விடுகிறது. ஜாஸ் என்ற நல்ல இயந்திரம் அப்போரில் மடிகிறது. அதற்கு இரங்குகிறார்கள், நியாயமே. நடைபாதைக்கு இரங்குவோர் இல்லை.

அப்படத்திலேயே இதற்கு முன்னோட்டம் ஒன்று உண்டு. கத்தார் நாட்டில் அமெரிக்கப் படைத்தளம் அழிகிறது. தப்பிய வீரர்கள் பாலைவனத்தைக் கடந்து, உடன் வரும் சிறுவனின் கிராமத்துக்குப் போகிறார்கள். பின்தொடர்ந்து வந்த இயந்திரத் தேளும் கிராமத்தைத் தாக்குகிறது. அங்கேதான் நம் தேசமும் கதைக்குள் நுழைகிறது! லெனாக்ஸ் உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைக்க, மறுமுனையில் இந்தியக் குரலில் ஓர் ஊழியர், கடனட்டை எண்ணைச் சொல்லுங்கள் என்று நிதானமாகக் கேட்கிறார். இது நகைச்சுவைக் காட்சி. நானும் சிரித்தேன். ஆனால் கிராமத்தார் வீடுகள் சரிகின்ற நேரத்தில் நாம் சிரித்துக் கொண்டிருக்கும்படி அமைத்த கெட்டிக்காரத்தனத்தையும் கவனிக்க வேண்டும்.

“சினிமாதானே ஐயா, இதற்கு ஏன் இத்தனை ஆவேசம்?” என்பீர்கள். போர் ஊருக்குள் வருவதா வேண்டாமா என்று மனிதர் முடிவு செய்த உண்மை நகரம் ஒன்றைச் சொல்லுகிறேன். 1941 டிசம்பர் 26ஆம் நாள் மக்ஆர்தர் தளபதி, பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவைப் போரற்ற திறந்த நகரம் என்று அறிவித்துத் தம் படையைப் பட்டான் தீபகற்பத்துக்கு விலக்கிக் கொண்டார். ஜப்பானிய விமானங்கள் அதை மதியாமல் குண்டு வீசின என்பது உண்மை. ஆயினும் தெருத் தெருவாகப் போர் நடக்கவில்லை. நகரம் பெரும்பாலும் நின்றது. 1945இல் நிலைமை தலைகீழாயிற்று. நகருக்குள் போரிட வேண்டாம், விலகுங்கள் என்பது ஜப்பானியத் தளபதி யமஷிடாவின் எண்ணம். கடற்படை அதிகாரி இவபுச்சி கேளாமல் மணிலாவுக்குள்ளேயே அரண் அமைத்தார். பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை ஒரு மாதப் போர். ஒருபுறம் ஜப்பானியப் படையின் படுகொலைகள். மறுபுறம் அமெரிக்கப் பீரங்கிகள். மாண்ட குடிமக்கள் ஏறத்தாழ 100,000. இந்த்ராமூரோஸ் என்ற பழைய கோட்டை நகரம் கற்குவியலாயிற்று. அதே நகரம், இரண்டு முடிவுகள்.

பட்டறிவு சட்டமாயிற்று. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளுக்குச் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 58ஆம் விதி, இராணுவ இலக்குகளை ஜன நெருக்கமுள்ள இடங்களிலோ அவற்றின் அருகிலோ வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. இது தாக்குபவனுக்கு இட்ட கட்டளை அன்று, காப்பவனுக்கு இட்டது. அந்தப் பெட்டகத்தை ஏந்திய லெனாக்ஸுக்கு இட்டது என்றே நான் வாசிக்கிறேன். (அமெரிக்கா அந்நெறிமுறையை ஏற்று உறுதி செய்யவில்லை. நம் இந்தியாவும் செய்யவில்லை. சட்ட நண்பர் இதைச் சுட்டிக் காட்டிப் புன்னகை செய்தார்.)

படத்தின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெட்டகத்தைத் தன் மார்பில் திணித்து இரண்டையும் அழித்துவிடு என்று பிரைம் கேட்க, பையன் சாம் அதை மெகட்ரானின் மார்பில் திணித்துவிடுகிறான். பகைவன் வீழ்ந்தான். தன் உயிரைத் தர முன்வந்த பிரைமின் பெருமையை நான் மறுக்கவில்லை; அவ்விடத்தில் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. பிறகு, வீழ்ந்த இயந்திரங்களின் உடல்களைக் கடலின் ஆழத்தில் அமிழ்த்த உத்தரவு பிறக்கிறது. இடம் அட்லாண்டிக்கின் லாரன்ஷியப் பள்ளமாம், உலகிலேயே ஆழமானதாம்! பசிபிக்கின் மரியானா அகழியைப் பள்ளிப் பிள்ளையும் அறியும், அது கிடக்கட்டும். இரும்புக்கு அடக்கம் நடந்தது. அடுத்த காட்சியில் அந்தி வானம், காதலர், மலைமேல் நின்று தன் இனத்துக்குச் செய்தி விடுக்கும் பிரைம். மிஷன் சிட்டியின் பெயர்கூட அதன் பின் வருவதில்லை.

நம் சங்கத்தின் திரைப்பட மாலையில் இப்படத்தையே போட வேண்டும் என்று இளநிலை மாணவர்கள் கையெழுத்துத் திரட்டுகிறார்கள். என் கையெழுத்தும் அதில் உண்டு. செயலாளருக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: இடைவேளையை வழக்கமான இடத்தில் விடவேண்டாம். அணை வாசலில் நின்று 22 மைல் என்று லெனாக்ஸ் வாய் திறக்கிறாரே, அங்கே படத்தை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். தேநீர் ஆறும் மட்டும், அவர் வேறெங்கே போயிருக்கலாம் என்று பேசுவோம். நெவாடாவின் தேசப்படம் ஒன்றை நான் கொண்டு வருகிறேன்.