காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள்?

எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரி. கிளினிக் நாள். தராசில் ஏறி நிற்பவருக்கு வயது 44, பால்வெட்டுத் தொழிலாளி, நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். முள் 68 கிலோவில் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு முன்பும் 68தான். "சோத்தக் கொறைக்கச் சொன்னேனே அம்மா?" என்று வைத்திய உதவியாளர் கேட்கிறார். "ராவைக்கு ஒத்த ரொட்டிதாங்க ஐயா. அதையுங் கொறைச்சா வெறுந் தேத்தண்ணிதான்." அட்டையில் 'உணவுக் கட்டுப்பாடு போதாது' என்று ஏறுகிறது. அடுத்தவர் தராசில் ஏறுகிறார்.

இந்தக் காட்சியைப் பார்க்காத தோட்ட வைத்திய உதவியாளரோ குடும்ப நல உத்தியோகத்தரோ சப்ரகமுவயில் இருக்க வழியில்லை. வந்தவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது சுலபம். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது கொழும்பில் காரில் வந்து இறங்குகிறவருக்கும் உள்ள பழக்கந்தான். ஆனால் அந்த அட்டையில் இல்லாத, யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. இவர் ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்து, காலையில் எத்தனை மணிக்கு எழும்புகிறார்?

கணக்குப் பார்க்கலாம். வெயில் ஏறுமுன்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். மரப்பட்டையின் பால்குழல்களில் அழுத்தம் அந்நேரத்தில்தான் கூடுதல். அதனால் விடியும்போதே கத்தியோடு மரத்தடியில் நிற்க வேண்டும். அதற்கு முன் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்து, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட ஆயத்தப்படுத்த வேண்டும். மூன்றே முக்காலுக்கு எழும்பினால்தான் சரிவரும். இரவில் எல்லாருக்கும் கடைசியாகப் படுப்பவரும் அவர்தான். பாத்திரம் கழுவி முடிய பத்தரை ஆகிவிடும். இடையில் ஒரு தடவையாவது டோர்ச்சை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வெளியே கக்கூசுக்குப் போய்வர வேண்டியிருக்கும். படுக்கையில் ஐந்தேகால் மணி நேரம். தூக்கம் அதிலும் குறைவு.

இப்போது சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குப் போவோம். அங்கே நெடெல்ச்சேவா, பெனெவ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் பங்கெடுத்தவர்கள் எடை கூடிய 10 பேர். கலோரி குறைத்த ஒரே வகைச் சாப்பாடு. 14 நாள் படுக்கையில் 8.5 மணி நேரம், இன்னொரு 14 நாள் 5.5 மணி நேரம். இரண்டு தடவையும் ஏறக்குறைய 3 கிலோ இறங்கியது. தராசை மட்டும் பார்த்தவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மிச்சத்தைத் தசை முதலான கொழுப்பற்ற பகுதி ஈடுகட்டியது: ஒன்றில் 1.5 கிலோ, மற்றதில் 2.4 கிலோ.

அந்த 5.5 மணி நேரம், ஆய்வுக்காக வேண்டுமென்றே வெட்டிக் குறைத்த படுக்கை நேரம். எட்டியாந்தோட்டைப் பெண்ணுக்கு அதுவும் கிடைப்பதில்லை. இழந்த தசையும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி வாளி சுமக்கிறவருக்கும், கூடையோடு கொழுந்து நிறுக்கும் நெறுவைக்கு நடக்கிறவருக்கும் தசைதான் முதல். அதைக் கரைத்துவிட்டு 'இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது, நல்லம்' என்று அட்டையில் எழுதினால் யாருக்கு நல்லம்?

அப்படியானால் எட்டியாந்தோட்டைப் பெண்ணுக்கு எடையே இறங்காமல் நிற்பது ஏன்? ஆய்வுக்கூடத்தில் சாப்பாட்டை அளந்து கொடுத்தார்கள்; வீட்டில் பசிதான் அளக்கிறது. 2004இல் அதே பல்கலைக்கழகத்தில் ஸ்பீகல், வான் கோட்டர் குழு ஆரோக்கியமான 12 இளைஞரை இரண்டு இரவு 4 மணி நேரமும் வேறு இரண்டு இரவு 10 மணி நேரமும் படுக்கவைத்துப் பார்த்தது. குறைந்த தூக்கத்துக்குப் பின் 'வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியிருந்தது. ஆசை அதிகம் போனதும் இனிப்பு, உப்பு, மாப்பண்டங்களின் பக்கம். காலை பத்து மணிக்குச் சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணியும் கோதுமை ரொட்டியும் ஏன் அவ்வளவு ருசிக்கின்றன என்பதற்கு இது பாதி விடை. மீதி விடை விலையில் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, லயத்து அடுப்பில் முதலில் காணாமல் போனவை மீனும் முட்டையும் பருப்பும்.

இதை அளவுக்கு மீறி ஊதிவிடவும் கூடாது. 12 பேர், அத்தனை பேரும் ஆண்கள், இரண்டே இரவு. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் லெப்டின் அதே மாதிரி இறங்கவில்லை. தூக்கத்தைச் சரிப்படுத்திவிட்டால் எடை தானாக இறங்கும் என்று கிளினிக்கில் யாராவது வாக்குக் கொடுத்தால், அடுத்த கிளினிக்கில் அவர் முகத்தில் யாரும் முழிக்க மாட்டார்கள். உறுதியாகச் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: தூக்கம் குறைந்தவர் கூடுதலாகச் சாப்பிடுகிறார், அவருடைய உடல் குளுக்கோசைச் சமாளிக்கத் திணறுகிறது. 1999இல் ஸ்பீகல் குழு 11 இளைஞரை ஆறு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவைத்தபோது, நோயே இல்லாத அவர்களுடைய குளுக்கோஸ் தாங்குதிறன் இறங்கிவிட்டது. மாலையில் தணிய வேண்டிய கோர்ட்டிசோலும் தணியாமல் நின்றது.

கோர்ட்டிசோல் என்றதும் மன அழுத்தத்துக்கு வந்துவிடுகிறோம். இந்த மாகாணத்தில் அதற்கென்று ஒரு தனி முகம் உண்டு. மழை. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் இல்லை. பேர் விழாத கிழமையிலும் நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்பார். இரவில் பெய்யும் மழை வேறு விதமாகத் தூக்கத்தைக் கெடுக்கும். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொகுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்தில் லயத்து மக்கள் மண்ணுக்குள் போனார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு கேகாலை மாவட்டம் மறுபடி சரிவுகளைக் கண்டது. மலையடி லயத்தில் கூரைத் தகரத்தில் மழை அறையும்போது பிள்ளைகளின் செருப்பை வாசலருகே எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தாயிடம், 'மனதை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று துண்டுப்பிரசுரம் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

துண்டுப்பிரசுரங்கள் பொதுவாகவே லயத்தைப் பார்க்காதவர்கள் எழுதியவை. படுக்கையறை இருட்டாக, குளிர்ச்சியாக, அமைதியாக இருக்க வேண்டுமாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்து பேர் படுக்கிறார்கள், பக்கத்து வீட்டு இருமல் முதல் மெகா சீரியல் வரை சுவரைத் தாண்டி வருகிறது, மார்கழியில் நாலு மணிக்குக் கோவில் ஒலிபெருக்கி பஜனையைத் தொடங்கிவிடுகிறது. தூங்காதது இவர்களுடைய குற்றம் என்ற தொனி நம் வாயிலிருந்து வரவே கூடாது. சோற்றைச் சொல்லித் திட்டியது போதாதென்று தூக்கத்தைச் சொல்லியும் திட்டத் தொடங்கினால் கிளினிக் வரிசைதான் குறையும்.

இன்னொரு முணுமுணுப்பும் எழும்: 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துப் பிள்ளைகளில் 31.7 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முழு நாட்டுக்கும் அது 17.3. இங்கே உட்கார்ந்து எடை குறைப்பைப் பற்றிப் பேசலாமா? பேசத்தான் வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்காகவும். எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதை ஹேல்ஸும் பார்க்கரும் 1992இலேயே எடுத்துக்காட்டினார்கள். நேற்றைய குட்டையான பிள்ளைதான் இன்றைக்குத் தராசில் நிற்கும் 44 வயதுப் பெண். கை கால் மெலிந்து இடுப்பு மட்டும் பருத்த இந்த உடம்பைத் தராசு சரியாகக் காட்டாது. 80 சென்ரிமீட்டரைத் தாண்டிய பெண்ணின் இடுப்பை டேப் காட்டும். டிஸ்பென்சரி மேசையில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு தையற்காரர் டேப் கிடப்பதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை.

செய்யக் கூடியது எவ்வளவோ உண்டு. 2022இல் தசாலி குழு வெளியிட்ட ஆய்வு இதில் நம்பிக்கை தருகிறது. 6.5 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேரில் ஒரு பாதிக்குத் தூக்கத்தைப் பற்றி மட்டும் ஆலோசனை கொடுத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் தத்தம் வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டு கிழமையில் அவர்களுடைய தூக்கம் சராசரி 1.2 மணி நேரம் கூடியது. மற்றப் பாதியோடு ஒப்பிட்டால் நாளுக்கு 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். லயத்தில் 1.2 மணி நேரத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அரை மணி நேரம் கிடைக்கும், எங்கே தேடுவது என்று தெரிந்தால்.

அந்த இடம் தொழிலுக்குத் தொழில் மாறும். பால் நிறுத்துக் கொடுத்து மத்தியானத்தோடு வீடு திரும்பும் பால்வெட்டுக்காரருக்குப் பகலில் கொஞ்சம் கண்ணயர இடமுண்டு. 'பகல்ல படுத்தா ஊரு சிரிக்கும்' என்று கூசுகிறவருக்கு, அது மருந்து மாதிரி என்று வைத்திய உதவியாளர் தன் வாயால் சொன்னால் போதும். பின்னேரம் வரை மலையில் நிற்கும் கொழுந்துக்காரிக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய அரை மணி நேரம் தண்ணீர்க் குழாயில் இருக்கிறது. குழாய் லயத்தின் அருகே வந்தாலோ பிள்ளைக்காம்பரா சற்று முந்தித் திறந்தாலோ அவர் பிந்தி எழும்பலாம். இதைத் தோட்டத்துத் துரையிடம் வசதியென்று கேட்காமல் நீரிழிவுச் சிகிச்சையென்று கேட்கும் உரிமை டிஸ்பென்சரிக்கு இருக்கிறது. அடுப்பு மூட்ட ஆண்களுக்கும் கை இருக்கிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கலாம். பின்னேரம் பறித்த கொழுந்து இரவெல்லாம் வாட, விடியுமுன்பே ரோலர் ஓடும் தேயிலை ஆலையில் ராவேலை செய்கிறவருக்குச் சொல்ல வேண்டியது வேறு: பெரிய சாப்பாட்டை வேலைக்கு முன்பே முடித்துக்கொள்வது, சாமத்தில் சீனித் தேத்தண்ணியைக் குறைப்பது, காலையில் வந்ததும் போர்வையை ஜன்னலில் தொங்கவிட்டுப் படுப்பது.

இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழும்புகிறேன் என்பவருக்குத் தூக்க அறிவுரை பிறகு. முதலில் சீனியைச் சோதிக்க வேண்டும். பக்கத்து லயத்துக்கே கேட்கும்படி குறட்டை விட்டு, நடுவில் மூச்சடைத்துத் திடுக்கிட்டு எழுந்து, பகலில் லொறி ஓட்டும்போது கண் சொருகுகிறவரை இரத்தினபுரி அல்லது கேகாலை போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். மருந்து அட்டையையும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது. இழுப்புக்கு அடிக்கடி கொடுத்த பிரெட்னிசலோன் தூக்கத்தைக் கெடுத்து எடையையும் ஏற்றும். தூங்குவதற்கென்று கொடுத்த அமிட்ரிப்டிலின் பசியைக் கிளப்பும். நாம் எழுதிக் கொடுத்ததைச் சாப்பிட்டுப் பருத்தவரை நாமே திட்டியிருக்கக் கூடும்.

கிளினிக் அட்டையில் எடைக்குக் கட்டம் இருக்கிறது, இரத்த அழுத்தத்துக்கும் சீனிக்கும் இருக்கிறது, தூக்கத்துக்கு இல்லை. புதிய அட்டை அச்சாகி வரும்வரை ஓரத்து வெள்ளை இடம் போதும். கேள்வி கேட்க அரை நிமிடம் ஆகும், பதில் வர இன்னும் கொஞ்சம். "பத்தரைக்குப் படுப்பேங்க. மூணே முக்காலுக்கு எழும்பிருவேன். ஏன் ஐயா, இதெல்லாம் யாரும் கேட்டதில்லையே?" என்று அந்தப் பெண் தராசை விட்டு இறங்காமலே கேட்பார். ஓரத்தில் பென்சிலால்: 10.30 – 3.45.